இடைவேளையில்தான் ஆட்டம்

மழையால் ஆட்டம் நின்றுபோன நேரத்தில் மைக் பிடித்திருக்கும் வர்ணனையாளரைக் கவனித்திருக்கிறீர்களா? மைதானத்தில் தார்ப்பாயைத் தவிர ஒன்றும் இருக்காது. ஆனாலும் முக்கால் மணி நேரம் பேசியாக வேண்டும். யாரிடம் சரக்கு இருக்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும். சிக்ஸர் பறக்கும்போது யார் வேண்டுமானாலும் பேசலாம்.

பிரிட்டனில் பல்கலைக்கழக மாணவர் சங்கத் தேர்தல் முடிவுகளை மாணவர்களே டிவி நேரலையில் தரும் இரவு, முக்கால்வாசி இந்த மழை நேரம்தான். ஒரு பதவிக்கான முடிவைப் படிக்க இரண்டு நிமிடம் போதும். அடுத்தது எப்போது வரும் என்று ஸ்டுடியோவில் இருப்பவர்களுக்கே தெரியாது. வாக்குப்பதிவு இணையத்துக்குப் போன பிறகு எண்ணிக்கை கணினிக்கு நொடி வேலை. ஆனால் பிரசாரத்தில் விதிமீறல் என்று புகார் கிளம்பினால், அதைத் தீர்க்காமல் தேர்தல் அதிகாரி வாய் திறக்க முடியாது. தலைவர் பதவியைக் கடைசிவரை இழுத்தடிக்கும் நாடகமும் உண்டு.

இந்த ஆட்டத்துக்கு வயது ஒன்றும் குறைவில்லை. கிளாஸ்கோ பல்கலைக்கழக மாணவர் தொலைக்காட்சி 1964இல் தொடங்கியது. யார்க் பல்கலைக்கழகத்தின் ஒய்எஸ்டிவி 1967இல். இவற்றுக்கெல்லாம் பொதுவான சங்கமான நாஸ்டா 1973இலேயே வந்துவிட்டது. பெரியவர்களின் ஆட்டத்திலும் ஒரு மாணவர் பங்கு இருக்கிறது. 1950 பொதுத் தேர்தல் இரவை பிபிசி முதன்முறையாக டிவியில் காட்டியபோது, கேமரா முன் உட்கார்ந்து எண்களைப் பிரித்துச் சொன்ன டேவிட் பட்லர் அப்போது ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சி மாணவர். வயது 25.

கேமராவைப் பார்ப்போம். தேர்தல் அதிகாரி தாளைப் பிரிக்கிறார். புது ஆள் என்றால் கேமராவை அவர் முகத்தில் வைத்துவிட்டு நிம்மதியாக நிற்பார். தப்பு. பந்து வானத்தில் இருக்கும்போது அனுபவசாலி தேடுவது ஃபீல்டரின் கண்களை. பெயர் வரும் நொடியில் வேட்பாளர்கள் முகத்தில்தான் கதை. அதிலும் தோற்றவர் முகம் முக்கியம்: முதலில் கைதட்டுவார், பிறகு சிரிப்பார், அதன் பிறகுதான் விஷயம் அவருக்குள் இறங்கும். அந்த மூன்று நொடியைப் பிடிக்க, கேமராக் காட்சிகளை மாற்றும் விஷன் மிக்சரில் இருக்கும் பையன் பொத்தானை முன்கூட்டியே அழுத்தியிருக்க வேண்டும். காதில் இயக்குநரின் குரல், காலடியில் தரையோடு டேப் ஒட்டிய கேபிள், மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வகுப்பு. சம்பளம் கிடையாது. இந்தப் பிரிவில் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

கோட்டை விடும் இடம் கணக்கு. இந்தத் தேர்தல்களில் பெரும்பாலும் விருப்ப வரிசை முறை: முதல் விருப்பம், இரண்டாவது, மூன்றாவது என்று வாக்காளர் எண் போடுவார். கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். ஒரு பேச்சுக்கு 1,000 வாக்குகள் என்று வையுங்கள். முதல் சுற்றில் ஒருவருக்கு 410, இன்னொருவருக்கு 350, மூன்றாமவருக்கு 240. மூன்றாமவர் வெளியேறுகிறார். அவருடைய 240இல் 60 முதலாமவருக்கு, 150 இரண்டாமவருக்கு. 30 பேர் அடுத்த விருப்பமே போடவில்லை. இப்போது 470க்கு எதிராக 500. முன்னணியில் இருந்தவர் தோற்றுவிட்டார்! கடைசி ஓவர் திருப்பம் என்றால் இதுதான். இதைப் பெரும்பாலும் எப்படித் தருகிறார்கள்? வெற்றி பெற்றவர் பெயர், கைதட்டல், அடுத்த பேட்டி. ஸ்கோர்கார்டைக் காட்டாமல் கோப்பையை மட்டும் காட்டுவது மாதிரி.

வாக்குச்சீட்டில் ‘ரான்’ என்றொரு ஆளில்லா வேட்பாளரும் நிற்பார். மறுபடி வேட்புமனு வாங்கு என்று அர்த்தம். நம் நோட்டாவின் தம்பி மாதிரி தோன்றும். ஆனால் நோட்டாவுக்கு இல்லாத பல் இவருக்கு உண்டு. நம் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் நோட்டா முதலிடம் பிடித்தாலும் அடுத்து வந்த வேட்பாளர்தான் வென்றவர். ரான் ஜெயித்தால் தேர்தலையே திரும்ப நடத்த வேண்டும். ஒருவர் மட்டுமே போட்டியிடும் பதவியில் எதிரணியே ரான்தான். மழை நேரத்தில் பேச இதைவிட நல்ல விஷயம் என்ன இருக்கிறது?

இன்னொரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். நிலையத் தொகுப்பாளரும் வேட்பாளரும் ஒரே விடுதிச் சமையலறையில் ரொட்டி வாட்டுகிறவர்களாக இருக்கலாம். உள்ளூர் அம்பயர் பிரச்சினைதான். நண்பன் தோற்றதும் குரல் இறங்குகிறது, பிடிக்காதவர் ஜெயித்தால் கேள்வி கூராகிறது. எனக்கென்னவோ அந்த நடுக்கம் பெரிய பிழையாகத் தோன்றவில்லை. ‘அவர் என் நண்பர்’ என்று முதலிலேயே சொல்லிவிட்டால் போதும். சொல்லாமல் மறைப்பதுதான் நோ-பால்.

வேடிக்கை வேட்பாளரை வைத்து நேரத்தை ஓட்டுவதும் வழக்கம். அதில் எச்சரிக்கை தேவை. 2008 மார்ச்சில் யார்க்கில் கடற்கொள்ளைக்காரன் வேடத்தில் ‘மேட் கேப்டன்’ என்ற பெயரோடு நின்றவர் தலைவராகவே ஜெயித்துவிட்டார். மொழியியல் படித்த அந்த டாம் ஸ்காட்தான் பிறகு யூடியூபில் உலகம் அறிந்த முகமானார். தலைவர் பதவி என்றால் ஓராண்டு முழுநேரச் சம்பள வேலை. சிரித்துக் கடந்துபோன தொகுப்பாளருக்கு, ஜெயித்தவரிடம் கேட்க ஒரு கேள்விகூடக் கையில் இருக்காது.

என் மதிப்பெண்: கேமராவுக்கு எட்டு, பேச்சுக்கு ஆறு, கணக்குக்கு மூன்று. அடுத்த தேர்தல் இரவில் ஒரு வெள்ளைப் பலகையும் மார்க்கரும் வாங்கி வையுங்கள், தம்பிகளே, தங்கைகளே. சுற்று வாரியாக வாக்கு எங்கே போனது என்று எழுதிக் காட்டுங்கள்.