மறந்து வைத்த மூக்குக்கண்ணாடி

ரோல்ட் டாலின் ‘டேஸ்ட்’ 1951இல் நியூ யார்க்கரில் வந்த கதை. ஒரு விருந்தில் பந்தயம் வைக்கிறார்கள். பாட்டிலின் லேபிளைப் பார்க்காமல், குடித்தே அந்தச் சிவப்பு ஒயின் எந்தத் தோட்டத்தது என்று ரிச்சர்ட் பிராட் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் விருந்து கொடுப்பவரின் மகளைக் கட்டிக்கொள்ளலாம். தப்பினால் தன்னுடைய இரண்டு வீடுகளும் போச்சு. பிராட் முகர்ந்து, உறிஞ்சி, போர்தோ, மெதோக், சான் ஜூலியன் என்று வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வந்து சரியாகச் சொல்கிறார். அப்போது வேலைக்காரம்மா அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்து நீட்டுகிறார். ஒயினைத் திறந்து வைத்திருந்த அறையில் கிடந்ததாம்.

கடைசித் திருப்பத்துக்காகத்தான் இந்தக் கதையை எல்லோரும் சிலாகிக்கிறார்கள். எனக்கு அது ரெண்டாம்பட்சம். மறுபடி படிக்கும்போது பிராட்டின் பேச்சுதான் உறுத்துகிறது. விடை கையில் இருக்கிறது. அதற்குத் தோதான காரணங்களை நாக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கோக்கிறார். விமர்சனம் எழுதுகிறவர்கள் வேறென்ன செய்கிறோம்?

போன வருஷம் பாண்டிச்சேரியில் நாலு நண்பர்கள் ஒரு பாட்டிலைத் தினத்தாளில் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். (கடலூருக்குக் கொண்டுவர முடியாது, ஆல்பேட்டையில் செக்போஸ்ட்.) கலவை ஒயின் என்பது மட்டும் தெரியும். என்னென்ன திராட்சை? ஈறைப் பிடிக்கிற துவர்ப்பு இருந்ததால் கேபர்நே சாவினோன் என்றேன். மீதி மெர்லோ, சந்தேகமே இல்லை என்றேன். பேப்பரைப் பிரித்தால் குரோவரின் லா ரிசர்வ். கேபர்நேயோடு ஷிராஸ். அடுத்த வாயிலேயே ஷிராஸின் மிளகு வாசம் கம்மென்று வந்தது. அதுவரை எங்கே போயிருந்ததோ!

2001இல் பிரெடெரிக் பிரோஷே போர்தோவில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார். சிவப்பு ஒயினுக்கான வார்த்தைகளாலேயே அதை வர்ணித்தார்கள். கலவையில் கஷ்டம் இன்னும் அதிகம். ஒன்றின் கரடுமுரடை இன்னொன்று மூட வேண்டும் என்றுதான் கலக்கவே செய்கிறார்கள். தையல் தெரிந்தால் தைத்தவர் தோற்றுவிட்டார்.

இதையெல்லாம் யோசிக்கக் காரணம் புதுமைப்பித்தன். 1906இல் எங்க ஊர் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். அப்பாவுக்கு தாசில்தார் உத்தியோகம். செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று படித்துவிட்டு 1918இல்தான் குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பியது. அந்தப் பன்னிரண்டு வருஷம் அவர் எழுத்தில் கலக்காமலா இருக்கும்? எல்லோரும் நெல்லையை மட்டுமே ருசிக்கிறார்கள் என்று ஒரு கட்டுரை தொடங்கினேன். ஆதாரத்துக்குப் பத்திகளைக்கூடக் குறித்து வைத்தேன்.

திருநெல்வேலி நண்பன் ஒருவனிடம் இதைச் சொன்னேன். அவன் பெயரெல்லாம் நீக்கிய ஐந்து பத்திகளை வாட்ஸப்பில் அனுப்பினான். “இதுல எதுல உங்க ஊரு வாசம் அடிக்கி? சொல்லுல பாப்போம்.”

மூணாவதில் என்றேன். மண் மணக்கிறது என்றுகூட எழுதினேன்.

மூணாவது புதுமைப்பித்தன் எழுதியதே இல்லை. என் கட்டுரை பாதியில் நிற்கிறது. குறித்து வைத்த பத்திகளைத் திறந்து பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.