இரண்டு என்ஜின்களும் இரண்டு கம்பெனிகளும்

மரக்காணத்துக்கு ரயில் கிடையாது. பக்கிங்ஹாம் கால்வாயின் தென்கோடியில், கடலுக்கும் கழுவெளிக்கும் அண்மையில், பாத்தி பாத்தியாக உப்பு விளையும் இந்தக் கரைக்கு அருகான தண்டவாளம் மேற்கே திண்டிவனத்தில்தான் இருக்கிறது. ரயிலின்மேல் தீராத மோகம் கொண்டிருந்தும் அதனைத் தினந்தோறும் காணும் பாக்கியம் பெறாத இக்கரைவாசி ஒருவன், மேஜைமேல் ஓடும் மாதிரி ரயிலை நாடுவது இயல்பேயாகும். அப்படி நாடுகிறவன் விரைவில் எதிர்கொள்ளும் பிரச்சினை ஒன்றையே இங்கு ஆராய விரும்புகிறேன்: வெவ்வேறு கம்பெனிகள் செய்த இரண்டு மாதிரி என்ஜின்களை ஒரே வண்டித்தொடரின் தலையில் பூட்டி ஓட்டலாமா, ஓட்டினால் அதன் சாதக பாதகங்கள் யாவை என்பதே அது.

இவ்விஷயத்தில் இரண்டு அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. ஒரே கம்பெனியின் என்ஜின்களையன்றி வேறெதையும் சேர்க்கலாகாது என்பது ஒன்று. டிஜிட்டல் கட்டுப்பாடு வந்தபின் எதனையும் எதனோடும் சேர்க்கலாம், வித்தியாசங்களையெல்லாம் என்ஜினுக்குள் ஆணையை வாங்கும் டிகோடர் பார்த்துக்கொள்ளும் என்பது மற்றொன்று. முன்னது நம்மவர்க்குக் கட்டுப்படியாகாத கொள்கை. பின்னது பாதி உண்மை, அதிலும் என்ஜினுக்குச் சேதம் விளைவிக்கக்கூடிய பாதி.

கட்டுப்படியாகாது என்று சொல்வதற்குக் காரணம் பணம் மாத்திரமன்று. சென்னை–விழுப்புரம் பாதை மீட்டர் கேஜாக இருந்து, 1960-களில் மின்மயமான காலத்தை ஒருவர் 87-இல் ஒரு பங்கு அளவில் சித்திரிக்க எண்ணினால், அவருக்கு ஏறக்குறைய 11.5 மில்லிமீட்டர் அகலமுள்ள தண்டவாளம் வேண்டும். சந்தையில் கிடைப்பதோ 12 மில்லிமீட்டர். நம் அகலப்பாதைக்குக் கணக்குப்படி 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வேண்டும். பெரும்பாலோர் ஐரோப்பிய, அமெரிக்க மாதிரிகளுக்குரிய 16.5 மில்லிமீட்டரோடு சமாதானம் செய்துகொள்கிறார்கள். தண்டவாளமே இவ்வாறு இரவல் வாங்கப்படும்போது, அதன்மேல் ஓடும் என்ஜினின் அடிச்சட்டம் ஜப்பானிலிருந்தும், மோட்டார் ஜெர்மனியிலிருந்தும், மேற்கூடு நம் கைவேலையாகவும் அமைவது தவிர்க்க முடியாதது. கலப்பு நமக்கு விருப்பமாக வாய்த்ததன்று, நிர்ப்பந்தமாக வந்தது.

அந்த நிர்ப்பந்தத்தில் ஒரு சரித்திர நியாயமும் இருக்கிறது என்பதே இவ்வழக்கத்தின் முதற்சிறப்பு. மீட்டர் கேஜில் ஓடிய ஒய்.பி. வகை நீராவி என்ஜின்களை அமெரிக்காவின் பால்ட்வின், ஸ்காட்லாந்தின் நார்த் பிரிட்டிஷ், ஜெர்மனியின் கிராஸ்–மாஃபை, நமது ஜாம்ஷெட்பூர் டெல்கோ ஆகிய நான்கு கம்பெனிகளும் செய்தன. ஒய்.டி.எம்.4 டீசல் என்ஜின்கள் அமெரிக்க ஆல்கோவிலும் வாரணாசியிலும் உருவாயின. அவற்றின் உடன்பிறப்பாகிய 4ஏ வகையோ கனடாவின் மான்ட்ரியாலிலிருந்து வந்தது. 1962-இல் ஆல்கோவிலிருந்து வந்த டபிள்யூ.டி.எம்.2-க்குச் சில ஆண்டுகளிலேயே வாரணாசியில் பிறந்த சகோதரர்கள் தோன்றினர். பிறந்த இடம் வேறாயினும் வரைபடம் ஒன்றாயிருந்தமையால் அவை ஒன்றாகப் பூட்டப்பட்டு ஓடின. தமிழ்நாடு எக்ஸ்பிரஸை இரட்டை டீசல்கள் இழுத்துச் சென்ற கம்பீரத்தைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். ஆகவே பல கம்பெனிச் சரக்கையும் ஒரே மேஜையில் ஓட்டுவது ரசக்குறைவு என்று சொல்வோர் உண்மையான ரயில்வேயைக் கூர்ந்து நோக்காதவர்கள் என்றே நினைக்கிறேன்.

ஆனால் இந்த நியாயத்தை எல்லைமீறி நீட்டுவதில்தான் பிழை புகுகிறது. பெரிய என்ஜின்கள் இரண்டு சேர்ந்து இழுப்பதும் சிறிய என்ஜின்கள் இரண்டு சேர்ந்து இழுப்பதும் ஒரே தத்துவத்தால் நிகழ்வனவல்ல. டபிள்யூ.டி.எம்.2-இன் சக்கரங்களைச் சுழற்றுபவை சீரிஸ் வகை நேர்மின் மோட்டார்கள். பாரம் கூடினால் வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொண்டு இழுவையைப் பெருக்குவது அவற்றின் சுபாவம். ஒன்றின் சக்கரம் தேய்ந்து விட்டம் சற்றுக் குறைந்திருப்பினும், பாரத்தை இரண்டும் ஏறத்தாழப் பங்கிட்டுக்கொள்ளும். மேஜை என்ஜினுக்கோ இந்தப் பெருந்தன்மை இல்லை. அதன் மோட்டாரில் இருப்பது நிரந்தரக் காந்தம். அதற்கும் சக்கரத்துக்கும் நடுவே இருப்பது வார்ம் கியர். மோட்டாரால் சக்கரத்தைச் சுழற்ற முடியுமேயன்றிச் சக்கரத்தால் மோட்டாரைச் சுழற்ற முடியாது. எனவே இரண்டில் மெதுவானது, வேகமானதால் தள்ளப்படும்போது இசைந்து உருளாமல் அப்படியே பிரேக்காகிவிடுகிறது. வேகமானது பாரத்தோடு தன் துணையையும் சேர்த்து இழுக்கிறது. பிடிமானத்துக்காகச் சக்கரத்தில் ரப்பர் வளையம் பொருத்திய என்ஜினாயின், வழுக்கித் தப்பிக்கும் வழியும் அடைபட்டு, மோட்டார் சூடேறுகிறது, பல் தேய்கிறது, வளைவில் இலேசான பெட்டி தடம்புரள்கிறது. இவற்றை நோக்கும்போது, தோஷம் கம்பெனி வேறுபாட்டில் இல்லை, கியர் விகித வேறுபாட்டிலும் மோட்டார் குண வேறுபாட்டிலும் இருக்கிறது என்பது தெளிவு. ஒரே கம்பெனி வெவ்வேறு காலத்தில் செய்த இரண்டு என்ஜின்களுக்கும் இதே கதி நேரக்கூடும்.

இனி டிகோடரிடம் வருவோம். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனத்தின் முறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்க தேசிய மாதிரி ரயில்வே சங்கம் 1990-களில் டி.சி.சி. என்னும் டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையைப் பொதுத்தரமாக ஏற்றது, கலந்து ஓட்டுகிறவர்களுக்குக் கிடைத்த மிகப்பெரிய வரம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எவர் செய்த டிகோடராயினும் ஆணை ஒன்றே. அதனுள் எழுதப்படும் எண்களில் இரண்டாவது தொடக்க வேகத்தையும், ஐந்தாவது உச்ச வேகத்தையும், ஆறாவது இடை வேகத்தையும் தீர்மானிக்கின்றன. நுட்பம் வேண்டுவோர்க்கு 67 முதல் 94 வரை இருபத்தெட்டுப் படிகள் உண்டு. பத்தொன்பதாவதில் பொது முகவரி ஒன்றை எழுதிவிட்டால் இரண்டும் ஒரே ஆணைக்குக் கட்டுப்படும். இவ்வளவு வசதியிருந்தும் நான் எச்சரிப்பது ஏனெனில், வேகத்தை நிலைநிறுத்தவென்று டிகோடருக்குள் வைத்திருக்கும் பேக் ஈ.எம்.எஃப். என்னும் ஏற்பாடு, தனி என்ஜினுக்கு எவ்வளவு நன்மையோ இரட்டைக்கு அவ்வளவு தீமை. இறைகூடைக் கயிற்றை இருபுறமும் பிடித்தவர்களில் ஒருவன் மற்றவனின் வீச்சுக்கு இசைந்து கொடுத்தாலன்றித் தண்ணீர் மேலேறாது. இங்கேயோ இருவரும் தத்தம் வீச்சே சரியென்று பிடிவாதம் செய்கிறார்கள். இணைத்து ஓட்டும்போது அவ்வேற்பாட்டைத் தணித்துவிட வேண்டும், அல்லது ஒழித்துவிட வேண்டும். பாரம் ஏறினால் சற்றுத் தளரும் மோட்டாரே நல்ல துணை.

பொருத்தும் முறையில் பலர் செய்யும் தவறு, மெதுவான என்ஜினை வேகப்படுத்த முயல்வது. வேகமானதை அடக்குவதே இயலும் காரியம். மெதுவானதன் உச்சமே இருவருக்கும் உச்சம். என்ஜின்களைச் சற்று ஓடவிட்டுச் சூடேறிய பின், வேகமெடுக்கும் தாமதத்தையும் நிற்கும் தாமதத்தையும் சுழியாக்கி, பூட்டாமலேயே ஒரே வளையத்தில் முன்னும் பின்னுமாக விட்டு இடைவெளியைக் கவனிக்க வேண்டும். நிதானத்தில் ஒத்துப்போய் விரைவில் பிரிபவை, விரைவில் ஒத்துப்போய் நிதானத்தில் பிரிபவை என இருவகை உண்டு. முதலாம் வகை பரவாயில்லை, ஏனெனில் நம் மேஜைகளில் உச்ச வேகத்துக்கு இடமே இல்லை. இரண்டாம் வகை ஜோடியைச் சேர்க்காதிருப்பதே உத்தமம். கப்ளர் விவகாரம் இவ்வளவு கடினமன்று: ஐரோப்பியப் பொதுத்தரப் பொருத்துக்குழி இருந்தால் எதனையும் மாற்றிக்கொள்ளலாம், இல்லையேல் இரு முனையிலும் வெவ்வேறு கப்ளர் கொண்ட பெட்டி ஒன்றை இடையில் வைத்துக்கொள்ளலாம்.

எந்தக் கையேடும் நம் கரையை உத்தேசித்து எழுதப்பட்டதன்று. உப்புக் காற்று பித்தளைத் தண்டவாளத்தை விரைவில் கறுக்கச் செய்கிறது; நிக்கல் சில்வரும் முழுவதும் தப்புவதில்லை. எல்லாச் சக்கரங்களிலிருந்தும் மின்சாரம் வாங்கும் என்ஜினும், சில சக்கரங்களிலிருந்து மாத்திரமே வாங்கும் பழைய என்ஜினும் ஜோடியாக இருந்தால், அழுக்கேறிய இடத்தில் பின்னது ஒரு கணம் தயங்க, முன்னது அதனை இழுத்துத் தடுமாறுகிறது. எண்ணால் எவ்வளவு நுட்பமாகப் பொருத்தியிருந்தாலும் இந்தத் தயக்கத்தை எண் தீர்க்காது. ஒன்றுக்கு மாத்திரம் மின்தேக்கி பொருத்தினால் நிலைமை இன்னும் கெடும்: ஒன்று நிற்க, மற்றொன்று சேமிப்பில் ஓடும். ஆகையால் இக்கரையில் ஜோடி சேர்ப்பவர் வேகப் பொருத்தத்துக்கு முன்பாக மின்சாரம் வாங்கும் பொருத்தத்தையே பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்; மின்தேக்கி வைப்பதாயின் இரண்டுக்கும் ஒரே அளவில் வைக்க வேண்டும்.

கண்டதைக் கண்டதோடு அன்றாடம் மாற்றி மாற்றிப் பூட்டுவதை நான் ஆதரிக்கவில்லை. கியரும் மோட்டாரும் நெருங்கிய இரண்டைத் தேர்ந்து, பொறுமையோடு பொருத்தி, நிரந்தர ஜோடியாக வைத்துக்கொள்வதை மனமார ஆதரிக்கிறேன். அப்படித் தேர்வதற்கு வேண்டிய தகவலோ பெட்டியின்மேல் பெரும்பாலும் இருப்பதில்லை. வர்ணத்தையும் ஆணியின் எண்ணிக்கையையும் பெருமையாக அச்சிடுபவர்கள் கியர் விகிதத்தை அச்சிடுவதில்லை. டிகோடரின் மொழியைப் பொதுவாக்க ஒப்பிய கம்பெனிகள், கியர் விகிதம், மோட்டாரின் மின்னோட்டம், பாதி மின்னழுத்தத்தில் வேகம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு பெட்டியிலும் அச்சிடுமாறு பொதுத்தரம் வகுக்கும் சங்கங்கள் கேட்க வேண்டும். அதுவரை வாங்குகிறவர் கடையிலேயே அடிமூடியைக் கழற்றிப் பல்லை எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது.