சுவர் மீண்டது, வீடு மீளவில்லை

சிகாகோவின் பில்சன் பகுதியில் 18-ஆம் தெரு ரயில் நிலையமே ஓர் ஓவியக்கூடம். ஆசிரியர் பிரான்சிஸ்கோ மென்டோசா பள்ளி மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு அதன் சுவர்களையும் படிக்கட்டுகளையும் மெக்சிகோவின் நிறங்களால் நிறைத்தார். ஊர்ப்பெயர் மட்டும் செக் நாட்டு நகரத்தினுடையது. அங்கிருந்து குடியேறியவர்கள் வைத்தது. 1892-இல் எழுந்த தாலியா ஹாலில் இன்றும் இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. போலந்துக்காரர்கள் கட்டிய புனித அடால்பர்ட் தேவாலயம் 2019-இல் மூடப்பட்டது.

இந்தத் தெருக்களில் நடந்தால் செக், போலந்து, மெக்சிகோ என மூன்று குடியேற்ற அலைகளும் கண்முன் விரிகின்றன. ஹாரிசன் பூங்காவில் 1987-இல் திறந்த தேசிய மெக்சிகோ கலை அருங்காட்சியகத்தில் நுழைவுக் கட்டணம் கிடையாது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் காசின்றித் தங்கள் மரபைக் காணலாம். தெருத்தெருவாகக் கலையைப் பார்த்து நடக்கும் இந்தக் கலைநடையின் பெரிய வலிமை இதுதான்.

ஆனால் கலை அழகாக்கிய தெருவுக்கு வீட்டுமனை வணிகமும் வந்து சேர்கிறது. காசா அஸ்லான் இப்பகுதி மக்களின் சமூக மையமாக இருந்தது. அதன் வெளிச்சுவரில் ஓவியர் ரே பட்லான் 1970-களில் தீட்டத் தொடங்கிய ஓவியங்கள் இருந்தன. மையம் மூடப்பட்டபின் கட்டடத்தை வாங்கிய நிறுவனம் 2017-இல் அவற்றின்மேல் சாயம் பூசி மறைத்தது. மக்கள் கொதித்தெழுந்தார்கள். நிறுவனம் பணிந்தது, பட்லானே வந்து மீண்டும் வரைந்தார்.

வெற்றிதான். ஆனால் உள்ளே சமூக மையம் திரும்பவில்லை, அடுக்குமாடி வீடுகள் வந்தன. சுற்றிப் பார்க்க வருபவர் கேமராவுக்கு ஓவியம் கிடைத்துவிட்டது. அந்தச் சுவருக்குப் பின்னால் கூடிப் பேசியவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. 2000-க்குப் பிறகு பில்சனை விட்டு வெளியேறிய லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் 10,000-க்கும் மேல்.

கட்டடங்களைக் காத்தால் போதுமா? சுமார் 850 கட்டடங்களையும் சுவரோவியங்களையும் மரபு வட்டாரமாக அறிவிக்க நகர நிர்வாகம் முனைந்தபோது, குடியிருப்பவர்களே எதிர்த்தார்கள். பழுதுபார்க்கும் செலவும் கட்டுப்பாடும் தங்கள் தலையில் விழும் என்ற அச்சம் அவர்களுக்கு. 2020 டிசம்பரில் நகரமன்றம் திட்டத்தை நிராகரித்தது. அந்த எதிர்ப்பை மரபின்மீதான அலட்சியம் என்பது அநியாயம்.

வாடகைதாரரைக் காக்காத மரபுப் பாதுகாப்பு அரைகுறையானது. சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்திலோ, உள்ளாட்சிகள் வாடகைக்கு உச்சவரம்பு விதிப்பதை 1997-இல் வந்த சட்டம் தடுக்கிறது. பில்சனின் ஓவியங்களை நேசிப்பவர்கள் முதலில் குரல்கொடுக்க வேண்டியது அந்தச் சட்டத்தை நீக்கத்தான்.