தோணிக்காரர் வீட்டு ஷோகேஸ்

தூத்துக்குடியில் தோணித் தொழில் பார்த்தவர்களின் வீட்டுக்குப் போனால் என் கண் முதலில் போவது ஷோகேஸ் பக்கம்தான். பனிமய மாதா படத்துக்குக் கீழே, கண்ணாடிக் கதவுக்குள், போய்வந்த துறைகளெல்லாம் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். கொழும்பிலிருந்து வந்த மர யானை, உள்ளூர்ச் சங்கு, மாலத்தீவு அரக்குச் செப்பு. அந்தச் செப்பைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். கடைந்தெடுத்த மரத்தின்மேல் மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று அரக்கை அடுக்கடுக்காக ஏற்றி, பிறகு சிற்றுளியால் கீறி அடியிலிருக்கும் நிறத்தை வெளியே வரவழைக்கிறார்கள். துலாதூ தீவுக்காரர்கள் இதற்குப் பேர்போனவர்கள். விரலால் தடவினால் வழவழப்புக்கு நடுவே கொடியும் இலையும் மெல்லத் தட்டுப்படும். உளி ஒரு இழை ஆழமாக இறங்கினாலும் வேண்டிய நிறம் தாண்டிவிடும். அந்த அளவு கைக்குத்தான் தெரியும். மூடி இறுகவும் செய்யாமல் ஆடவும் செய்யாமல் ‘டப்’பென்று உட்காரும்.

சங்கும் லேசுப்பட்டதல்ல. கடலிலிருந்து எடுக்கும்போது பழுப்புத் தோல் போர்த்திய முரட்டுப் பொருள். பொறுமையாகச் சுரண்டித் தேய்த்த பிறகுதான் அந்த வெண்மை. உப்புக்காற்று சும்மா விடாது என்பதால் வீட்டுப் பெண்கள் ஒவ்வொன்றையும் துடைத்து, எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்கிறார்கள். ஒன்றோடு ஒன்று பொருந்தாத சாமான்கள்தான். ஆனால் ஒரே கடையில் வாங்கி அடுக்கிய அலங்காரத்தில் இல்லாத உயிர் இதில் இருக்கிறது. எது எந்த நடையில் வந்தது, அப்போது தோணியை நடத்திய தண்டல் யார் என்று கேட்டுப் பாருங்கள், காப்பி ஆறினாலும் பரவாயில்லை.