பங்களாவும் தெரு வீடும்

எங்க விருதுநகர் பக்கம் யாராவது கொஞ்சம் பெருசா வீடு கட்டினாலே "பங்களா கட்டிட்டான்யா" என்பார்கள். கட்டடக்கலைக் கணக்கில் இது சரியில்லை. பங்களா என்ற சொல் வங்காளத்து வீட்டிலிருந்து வந்தது. வெள்ளைக்காரர்கள் அந்த வடிவத்தை எடுத்துத் தாழ்வாரம், தோட்டம், சுற்றுமதில் எல்லாம் சேர்த்துத் தங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். நம் ஊர் வீடு திண்ணையோடு தெருவைத் தொட்டு நிற்கும். பங்களா தெருவை விட்டு விலகி நிற்கும். பெரிதா சிறிதா என்பதைவிட இந்த விலகல்தான் முக்கியம்.

அரசியலிலும் அந்தச் சொல்லின் வலு இதுதான். சென்னை தியாகராய நகர் திருமலைப் பிள்ளை சாலையில் காமராஜர் குடியிருந்த வீட்டைக் காட்டி, ஏழைப் 'பங்காளர்' வாழ்வது 'பங்களா'வில் என்று எதிர்த்தரப்பு பிரச்சாரம் செய்தது. 1967 தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரிலேயே 1,285 வாக்குகளில் அவர் தோற்றார். அரிசிப் பஞ்சம், இந்தி எதிர்ப்பு என்று தோல்விக்குப் பெரிய காரணங்கள் உண்டு. ஆனாலும் அந்தச் சொல் விளையாட்டு இன்றுவரை மறக்கப்படவில்லை.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் உடனே "அது வாடகை வீடுதானே!" என்பார்கள். உண்மைதான். அடுத்து விருதுநகர் வீட்டைக் காட்டி, எவ்வளவு சின்னது பாருங்கள் என்பார்கள். என் குறை இங்கேதான். பங்களா என்று ஏசியவர்களும் சின்ன வீடு என்று புகழ்கிறவர்களும் ஒரே அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குள் யார் இருந்தார் என்று இருவருமே கேட்பதில்லை.

இருந்தவர் சிவகாமி அம்மாள். மகன் 1954-இல் முதலமைச்சர் ஆன பிறகும் அம்மா விருதுநகரில்தான். அந்த வீட்டுக்கு நகராட்சி தனியாகக் குழாய் போட்டதாகவும், காமராஜர் அதை எடுக்கச் சொன்னதாகவும் ஒரு கதை எல்லா மேடையிலும் சொல்லப்படுகிறது. கைதட்டல் மகனுக்கு. அவர் செய்தது நியாயம், அதில் சந்தேகமில்லை. ஆனால் மழை குறைந்த இந்தக் கரிசல் ஊரில் அதற்கப்புறம் தண்ணிக் குடம் யார் இடுப்பில் ஏறியிருக்கும்?

இன்று நினைவில்லமாக இருக்கும் அந்த வீட்டுக்குப் போன முறை போனபோது, சுவரில் இருந்த புகைப்படங்களில் என் கண் நிற்கவில்லை. குடம் எங்கே வைத்திருப்பார்கள் என்றே தேடியது. தலைவரின் எளிமைக்குப் பாதிக் கூலியை அம்மா கொடுத்திருக்கிறார். அதையும் சொல்லும்போதுதான் அந்த வீட்டின் வரலாறு முழுசாகும்.