மணிக்கணக்கும் கூலிக்கணக்கும்

ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் தன் மாணவர்களின் சமூகத் தொண்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் முதலில் எடுத்து வைப்பது மணிக்கணக்கைத்தான். எத்தனை மாணவர்கள் போனார்கள், எத்தனை மணி நேரம் உழைத்தார்கள், எத்தனை பள்ளிகளுக்கும் காப்பகங்களுக்கும் சென்றார்கள். இந்தக் கணக்கு பொய்யல்ல. ஆனால் தொண்டு பெற்றவர் வாழ்வில் என்ன மாறியது, தொண்டுக்கு அனுப்பிய நிறுவனத்தில் என்ன மாறியது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அதில் விடை இல்லை. 1789இல் தொடங்கப்பட்ட ஜார்ஜ்டவுன், அமெரிக்காவின் மிகப் பழைய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம், இயேசு சபையினருடையது, தலைநகர் வாஷிங்டனில் இருக்கிறது. இந்தக் கேள்விகளை அங்கே மாணவர்களே நிர்வாகத்தின் முன் வைத்திருக்கிறார்கள். எடைபோட அதைவிடத் தகுந்த இடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் கொள்கையைப் பார்ப்போம். இயேசு சபையின் தலைவர் பெட்ரோ அருப்பே 1973இல் ஸ்பெயினின் வலென்சியாவில் பழைய மாணவர்களைச் சந்தித்தபோது, உங்களை நீதிக்காக வளர்த்தோமா என்று கேட்டு, இல்லை என்று தாமே பதிலும் சொன்னார். அவருக்குப் பின் வந்த பீட்டர் ஹான்ஸ் கோல்வென்பாக் 2000இல் கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையை அமெரிக்க இயேசு சபைக் கல்லூரிகள் இன்றும் சுட்டிக்காட்டுகின்றன. மாணவர்கள் எப்படிப்பட்ட மனிதர்களாக ஆகிறார்கள் என்பதே பல்கலைக்கழகத்தின் அளவுகோல்; துன்பப்படுவோரை நேரில் சந்திப்பதே அதற்கு வழி. அந்த உரையின் சாரம் இது.

இதில் பாதியை ஏற்கிறேன். புத்தகத்தில் படித்த வறுமையும் வாரந்தோறும் ஒரு குழந்தையின் வீட்டில் பார்க்கும் வறுமையும் ஒன்றல்ல. ஆனால் இந்த அளவுகோலின் பார்வை முழுவதும் மாணவர் மேலேயே இருக்கிறது. ஏழை அவருக்குப் பாடமாகிறார். 1968இல் கத்தோலிக்கக் குருவாக இருந்த இவான் இலிச், மெக்சிகோ கிராமங்களுக்குத் தொண்டு செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்களிடம் இதையே முகத்துக்கு நேராகச் சொன்னார்: பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ வராதீர்கள். அவர் சொன்னதில் கடுமை மிகுதிதான். ஒரு சிறுமிக்கு எழுத்துக் கற்றுத்தரும் மாணவி ஆதிக்கம் செய்யப் போகவில்லை. ஆனாலும் யாருடைய தேவைக்காக இந்தப் பயணம் என்ற அவருடைய கேள்விக்கு கோல்வென்பாக்கின் அளவுகோலில் இடமில்லை.

மூன்றாவது அளவுகோலைத் தந்தவர் எல் சால்வடாரின் மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகத் தலைவர் இக்னாசியோ எயாகுரியா. 1982இல் அதே சாண்டா கிளாராவில் பேசிய அவர், பல்கலைக்கழகம் தன் ஆய்வாலும் கற்பித்தலாலும் பொதுக்குரலாலும் ஏழைகள் பக்கம் நிற்கவேண்டும் என்றார். மாணவர்கள் சனிக்கிழமை செய்யும் வேலையாக இதை அவர் பார்க்கவில்லை. நிறுவனமே சமூகத்தில் ஒரு சக்தி என்றார். 1989 நவம்பர் 16 அன்று அந்நாட்டு ராணுவம் அவரையும் உடனிருந்த ஐந்து இயேசு சபைக் குருக்களையும், அவர்களுக்குச் சமைத்துப்போட்ட பெண்ணையும், அவருடைய மகளையும் சுட்டுக்கொன்றது. என் தீர்ப்பு சாய்வது இந்த அளவுகோலின் பக்கம்.

இதை வைத்து ஜார்ஜ்டவுனைப் பார்த்தால், அங்கே நடந்த மிகச் சிறந்த தொண்டு எந்த மணிக்கணக்கிலும் ஏறாதது. 2005 மார்ச்சில், தவக்காலத்தின்போது, ஒரு மாணவர் குழு உண்ணாவிரதம் இருந்தது. வகுப்பறைகளையும் கழிப்பறைகளையும் சுத்தம் செய்த ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு வாஷிங்டன் போன்ற நகரத்தில் வாழப் போதுமான கூலி வேண்டும் என்பது கோரிக்கை. அவர்கள் எங்கள் ஊழியர்கள் அல்லர், ஒப்பந்ததாரரின் ஆட்கள் என்பது இத்தகைய இடங்களில் எல்லா நிறுவனங்களும் சொல்லும் பதில். ஒரு வாரத்துக்கும் மேல் நீடித்த பட்டினிக்குப் பிறகு நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஒப்பந்தத் தொழிலாளர்களையும் உள்ளடக்கிய நியாய வேலைவாய்ப்புக் கொள்கை எழுதப்பட்டது. 2011இல் உணவுக்கூடத் தொழிலாளர்கள் சங்கம் அமைத்தபோதும் இந்தக் கொள்கையைப் பற்றிக்கொள்ள முடிந்தது. பட்டம் பெற்று மாணவர்கள் போய்விட்டார்கள்; அவர்கள் பெற்றுத்தந்தது அங்கேயே நின்றது. தொண்டு குடிமைச் செயலாக மாறுவது இந்த இடத்தில்தான்.

2019இல் நடந்தது இன்னும் சிக்கலானது. 1838இல் மேரிலாந்து இயேசு சபையினர் தங்கள் தோட்டங்களில் அடிமைகளாக இருந்த 272 ஆண், பெண், குழந்தைகளை லூசியானாவுக்கு 1,15,000 டாலருக்கு விற்றார்கள். அதில் ஒரு பகுதி ஜார்ஜ்டவுனின் கடனை அடைத்தது. அந்த 272 பேரின் நினைவாக, பருவத்துக்கு 27.20 டாலர் கட்டணத்தை எல்லா இளநிலை மாணவர்களும் செலுத்தி, அதை விற்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்குப் பயன்படுத்தலாமா என்று மாணவர்களிடையே வாக்கெடுப்பு நடந்தது. 2,541 பேர் ஆதரித்தார்கள். 1,304 பேர் எதிர்த்தார்கள்.

எதிர்த்தவர்களின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. விற்றது நிறுவனம்; அந்தக் கடனை நேற்று வந்து சேர்ந்த மாணவர், அதுவும் உதவித்தொகையில் படிப்பவர், ஏன் தீர்க்கவேண்டும்? எனக்கு இது வலுவான வாதமாகவே படுகிறது. ஆனால் அந்தப் பட்டத்தின் மதிப்பில் பங்கு பெறுபவர் அதன் கடனிலும் பங்கு ஏற்க முன்வருவதை, அதுவும் வாக்களித்து முன்வருவதை, குடிமைப் பயிற்சியின் உச்சம் என்றே சொல்வேன். நிர்வாகம் அதே ஆண்டு அக்டோபரில் வேறு வழியைத் தேர்ந்தது: கட்டாயக் கட்டணம் இல்லை, நன்கொடை திரட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 4,00,000 டாலர் தருவது. மாணவர்கள் கேட்ட கட்டணமும் கிட்டத்தட்ட அந்தத் தொகையையே ஈட்டியிருக்கும். ஆகவே பறிபோனது பணமல்ல, கடப்பாடு. தீர்க்கவேண்டிய கடன் விருப்பமுள்ளோர் தரும் ஈகையாகிவிட்டது. மாணவர்களுக்கு இயேசு சபை கற்பித்த பாடத்தை மாணவர்கள் திருப்பிச் சொன்னபோது பல்கலைக்கழகம் பாதிதான் கேட்டது.

பிட்ஸ்பர்க்கில் தூய ஆவி சபையினர் நடத்தும் டுகேன் பல்கலைக்கழகம் அந்தப் பாதியும் கேட்கவில்லை. 2012இல் அதன் பகுதிநேர ஆசிரியர்கள் சங்கம் வேண்டும் என்று வாக்களித்தார்கள். மதச் சுதந்திரத்தைக் காட்டி நிர்வாகம் மறுத்தது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிர்வாகத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. சட்டப்படி வெற்றிதான். ஆனால் தொழிலாளர் சங்கம் அமைப்பதை உரிமையாக ஏற்று திருத்தந்தை 13ஆம் லியோ சுற்றுமடல் எழுதியது 1891இல். அந்த மரபைச் சொல்லித் தொண்டுக்கு அழைக்கும் நிறுவனம், தன் ஆசிரியர்களுக்கு அதே உரிமையை அதே மதத்தின் பெயரால் மறுத்தால், அதன் மாணவர்கள் எத்தனை மணி நேரம் தொண்டு செய்தாலும் அதைக் குடிமைக் கல்வி என்று என்னால் ஏற்க முடியாது.

சென்னை லயோலாவும் திருச்சி தூய வளனார் கல்லூரியும் இதே இயேசு சபையின் நிறுவனங்கள். கிராமத்துக்கும் குடிசைப் பகுதிக்கும் போவது அங்கே படிப்பின் பகுதி. அந்தத் திட்டங்களையும் இதே அளவுகோலால் பார்க்கலாம். ஆண்டறிக்கையில் மாணவர்களின் தொண்டு நேரத்துக்குப் பக்கத்திலேயே இன்னும் சில வரிகள் வேண்டும்: வளாகத்தைப் பெருக்குகிறவருக்கு என்ன கூலி, ஒப்பந்ததாரர் அவருக்கு வருங்கால வைப்புநிதி கட்டுகிறாரா, தொண்டுக்குப் போய் வந்த மாணவர்கள் நிர்வாகத்திடம் கேட்டவை எவை, அவற்றில் எவை நிறைவேறின.