சாரலுக்கு 256 படி போதாது

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் தென்காசி வட்டாரத்துக் கல்யாண வீடியோக்களிலும் அருவி கொட்ட ஆரம்பித்துவிடும். ஐந்தருவிப் பக்கம் மணமக்கள், பின்னால் சாரல் மூட்டம், மேலே ஒளிரும் எழுத்தில் பெயர்கள். எடுத்த கோணம் அருமையாக இருக்கும். ஆனால் மூட்டத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்திருக்கும். பெயரைச் சுற்றி அழுக்குச் சாம்பலில் ஒரு விளிம்பு ஓடும். நல்ல படத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் எடிட்டிங் மேசையில் கவனிக்காமல் விட்ட இரண்டு அமைப்புகள்தான்: வண்ண ஆழம், ஒளிபுகுதன்மை.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் புது புராஜெக்ட் 8 பிட் வண்ண ஆழத்தில்தான் திறக்கும். பலர் அதை மாற்றுவதே இல்லை. அதற்கு நியாயமும் உண்டு. முழு எச்டி அளவில் ஒரு ஃபிரேம் 8 பிட்டில் சுமார் 8 எம்பி; 16 பிட்டில் அது இரட்டிப்பாகும், 32 பிட்டில் நான்கு மடங்காகும். முகூர்த்த மாதத்தில் அடுத்தடுத்து வேலை நிற்கும் சிறு ஸ்டுடியோவுக்கு ரெண்டர் நேரம்தான் பணம். மண்டபத்துக்குள் எடுத்த பட்டுப்புடவை, பூமாலைக் காட்சிகளுக்கு 8 பிட் தாராளமாகப் போதும்.

சாரல் அப்படியல்ல. 8 பிட்டில் ஒரு வண்ணத்துக்கு 256 படிகள். மூட்டத்தின் வெளிர்சாம்பல் 180-க்கும் 210-க்கும் இடையில் மெல்ல மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1920 பிக்சல் அகலத்துக்கு முப்பதே படி; ஒவ்வொன்றும் 64 பிக்சல் அகலப் பட்டை. அதன்மேல் பிளரும் குளோவும் போட்டு, கான்ட்ராஸ்டையும் ஏற்றினால் பட்டைகள் பளிச்சென்று தெரியும். 16 பிட்டில் அதே இடைவெளிக்கு ஏறக்குறைய 3,850 படிகள் கிடைக்கும். கேமரா 8 பிட்டில் பதிந்திருந்தால், இல்லாத நுணுக்கத்தை 16 பிட் உண்டாக்காது என்பது உண்மைதான். ஆனால் எஃபெக்டுகள் போடும் கணக்கில் மேலும் இழப்பு வராமல் அது காக்கும். கடைசியில் 8 பிட் எம்பி4 ஆக வெளியே எடுத்தாலும், லேசாக நாய்ஸ் சேர்த்தால் பட்டைகள் பெருமளவு மறையும்.

என் கணிப்பில் இதைவிடப் பெரிய குறை, ஒளிபுகுதன்மையைச் சுமக்கும் ஆல்பா சேனலில் நடக்கிறது. 1970-களின் இறுதியில் கணினி வரைகலை ஆய்வாளர்கள் எட் கேட்முல்லும் ஆல்வி ரே ஸ்மித்தும் உருவாக்கிய ஏற்பாடு அது. 1984-இல் போர்ட்டரும் டஃபும் அதற்கு முறையான கணக்கு வகுத்தார்கள். பாதி ஒளிபுகும் ஒரு வெள்ளைப் புள்ளி, கறுப்போடு முன்பெருக்கிய (பிரீமல்டிபிளைடு) கோப்பில், ஏற்கெனவே பாதியாக்கப்பட்டு, 128 என்று பதிவாகும். மென்பொருளிடம் அதை ‘ஸ்ட்ரெய்ட்’, அதாவது முன்பெருக்காதது, என்று சொல்லிவிட்டால் இன்னொரு முறை பாதியாக்கி 64 ஆக்கிவிடும். பின்னால் வெள்ளை அருவி இருக்கும்போது 255 வரவேண்டிய விளிம்பில் 191 வருகிறது. அந்த அழுக்குச் சாம்பல் இப்படி வருவதுதான். இதைச் சரிசெய்ய ரெண்டர் நேரமும் அதிகமாகாது, காசும் ஆகாது. கோப்பை உள்ளே கொண்டுவரும்போது ‘பிரீமல்டிபிளைடு’ என்று குறித்தால் தீர்ந்தது.

ஆல்பாவே இல்லாத கறுப்புப் பின்னணி கிளிப்பை ஸ்கிரீன் மோடில் போடும் குறுக்குவழியும் பரவலாக இருக்கிறது. தென்காசியின் காசி விஸ்வநாதர் கோயில் கோபுரத்தின் இரவுக் காட்சியில் மத்தாப்புப் பொறி சேர்க்க அது நன்றாகவே உதவும். ஒளியோடு ஒளி கூடுவது இயல்பு. அருவிமேல் தண்ணீர்த் தெறிப்பைச் சேர்த்தால் எடுபடாது. 230 வெண்மைமேல் இன்னொரு 230 விழுந்தால் 252-ஐத் தாண்டிவிடும்; துளியும் அருவியும் ஒரே சுண்ணாம்பு வெள்ளையாகிவிடும். அங்கே உண்மையான ஆல்பா உள்ள புரோரெஸ் 4444 போன்ற கோப்புதான் வேண்டும். வழக்கமான எச்.264 எம்பி4 ஆல்பாவைச் சுமக்காது.

எல்லாவற்றையும் 32 பிட்டில் செய்யச் சொல்லும் யூடியூப் அறிவுரையும் எனக்கு உடன்பாடில்லை. நம் ஊர் ஸ்டுடியோக் கணினிகளுக்கு அது வீண்சுமை. அருவியும் மூட்டமும் வரும் காட்சிகளைத் தனி புராஜெக்டாகப் பிரித்து, அதை மட்டும் 16 பிட்டில் வையுங்கள். புராஜெக்ட் பேனலின் அடியில் தெரியும் 8 பிட் குறியை ஆல்ட் விசையோடு ஒருமுறை சொடுக்கினால் மாறிவிடும்.